ஒரு மணி நேரம் மேளத்துக்குக் கொடுங்கள்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் துறை)



ஆண்டு மலர் என்றாலே நட்பு, காதல், தாய்மை, வேலையில்லாத் திண்டாட்டம் என்று நாலு தலைப்புதான் இருக்கணுமா என்ன? இந்தத் தடவை கொஞ்சம் சத்தமான விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். நையாண்டி மேளம்!

சிரிக்காதீங்க. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவராக இருந்தாலும் சரி, கோவில் கொடையில் மேளம் முழங்கும்போது கால் சும்மா இருந்ததுண்டா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆனால் கல்லூரிக்குள் வந்ததும் அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. சினிமாப் பாட்டு பேசுகிறோம், கிரிக்கெட் பேசுகிறோம். மேளம் பேசினால் "பட்டிக்காடு" என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம்.

எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. நான் மேளத்தின் ரசிகன். ரசிகன் என்று சொல்லிக்கொள்ள நம்ம பகுதியில் வெட்கப்படத் தேவையும் இல்லை. கவிதையை ரசித்து, ரசிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காகவே "ரசிகமணி" என்று பெயர் வாங்கிய டி.கே.சி. வாழ்ந்தது நம்ம குற்றாலத்தில்தான். பாடியவருக்கும் எழுதியவருக்கும் பட்டம் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கும். ரசித்தவருக்கே பெயர் கிடைத்தது இங்கேதான்!

குழுவில் யார் யார்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொதுவாக இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு ஜால்ரா. குழுவுக்குக் குழு கொஞ்சம் கூடும், குறையும். சில இடங்களில் உறுமியும் சேரும். கரகாட்டம் இருந்தால் ஆட்டக்காரர்களும் வருவார்கள். கோவிலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் பெரிய மேளத்தை விட இதன் நாயனம் குட்டையானது. "திமிரி" என்பார்கள். குழல் குட்டையானால் சுருதி ஏறும் என்பது நமக்கு பிசிக்ஸில் வருகிற பாடம்தான். மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில், ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே, கடைசியில் நிற்பவர் காதிலும் விழ வேண்டுமே! அதற்கு அந்த உச்ச சுருதிதான் சரி. கச்சேரி மேடையில் நாம் பார்க்கும் நீளமான "பாரி" நாயனம் பிரபலமானதற்குக் காரணம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

அந்த ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர், நம்ம பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர், காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி குரலோடு போட்டி போட்டு வரும் நாயனம் அவருடையதுதான். அறுபது வருஷம் தாண்டியும் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள். பெரிய மேளமானாலும் நையாண்டி மேளமானாலும் இந்த மண்ணுக்கு நாயனம் அந்நியம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

நேரில் கேட்டால் என்ன விசேஷம்?

இதுதான் என் கட்டுரையின் முக்கியமான இடம். ஸ்பீக்கரில் போடும் பாட்டு நேற்றும் அதேதான், இன்றும் அதேதான், நாளைக்கும் அதேதான். மூணாவது நிமிஷத்தில் எங்கே டிரம்ஸ் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடலாம். மேளம் அப்படி இல்லை. அதே குழு, அதே கோவில், அதே மெட்டு. ஆனாலும் போன வருஷம் வாசித்தது வேறு, இந்த வருஷம் வாசித்தது வேறு. ஏன்?

முதல் காரணம், தவில்காரர் எதையும் பேப்பரில் எழுதி வைத்து வாசிப்பதில்லை. முதல் தவில் ஒரு கேள்வி போடும். இரண்டாவது தவில் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, கடைசியில் ஒரு சொல்லைக் கூட்டிப் பதில் சொல்லும். அதற்கு மேல் இவர் ஒன்று, அதற்கும் மேல் அவர் ஒன்று. நடுவில் பம்பைக்காரர் "நானும் இருக்கேன்" என்று உள்ளே வருவார். நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டு நிற்பார். பிறகு சரியான இடத்தில் அவர் ஊதி எடுப்பார் பாருங்கள்... அந்த நொடியில் மொத்தக் கூட்டமும் "ஏய்ய்ய்" என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தானாக வருவது.

இரண்டாவது காரணம், கூட்டம். சாமக் கொடையில் கவனித்துப் பாருங்கள். மேளக்காரரின் கண் தவில் மேல் இருக்காது. சாமியாடியின் கால் மேல் இருக்கும். கால் வேகம் கூடினால் அடியும் கூடும். சாமி வரத் தயங்கினால் மேளம் விடாமல் ஒரே அடியில் நின்று இழுக்கும். பெண்கள் குலவை போட்டால் இன்னும் ஒரு படி ஏறும். அதாவது, கேட்க வந்த நாமும் அந்த வாசிப்பில் பங்குதாரர்கள்! செட்டில் ஓடும் பாட்டு நாம் ஆடினாலும் ஒன்றுதான், ஆடாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு நம்மைத் தெரியாது.

மூன்றாவது காரணம் கணக்கு. தோழர்களே, நமக்கு முதல் வருஷத்தில் கணக்குப் பாடம் என்ன பாடுபடுத்தியது என்று நினைத்துப் பாருங்கள்! தவிலில் ஐந்து நடை உண்டு: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. எட்டு அட்சரம் ஓடும் ஆதி தாளத்தில் ஒருத்தர் "தகிட தகதிமி" என்று ஏழு ஏழாக, அட்சரத்துக்கு ஒரு சொல் வீதம், போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? முதல் சுற்றிலேயே தாளம் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். கேட்பவருக்குத் தப்பிவிட்டதோ என்று பயம் வரும். ஏழு சுற்றுத் தாளமும் எட்டுத் தடவை சொல்லும் முடியும்போது இரண்டும் ஐம்பத்தாறில் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மீச்சிறு பொது மடங்கு என்று நாம் நோட்டில் எழுதிய சங்கதிதான். அதை நோட்டும் கால்குலேட்டரும் இல்லாமல், வேர்த்து வழிய நின்றுகொண்டு, இருபுறமும் அடித்துக்கொண்டே போடுகிறார்கள். முடிக்கும்போது ஒரே சொற்கட்டை மூன்று தடவை அடித்து, கடைசி அடியைத் தாளத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குத் தீர்மானம் என்று பெயர். அந்த ஒரு அடிக்காகத்தான் நாம் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அமெரிக்காவிலும் இரண்டு தவில்!

இதெல்லாம் கிராமத்துச் சங்கதி, வெளிநாட்டில் இப்படி யாராவது செய்கிறார்களா என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். 1965-ல் கலிபோர்னியாவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு ராக் குழு ஆரம்பமானது. 1995-ல் அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும் வரை முப்பது வருஷத்தில் 2,300 கச்சேரிகளுக்கு மேல் செய்தார்கள். அவர்களுடைய பெருமை ரிக்கார்டு விற்றதில் இல்லை. ஒரு நாள் வாசித்த மாதிரி மறுநாள் வாசிக்க மாட்டார்கள் என்பதில்தான். ஒரே பாட்டை ஒரு நாள் பத்து நிமிஷமும் இன்னொரு நாள் அரை மணியும் நீட்டுவார்கள். அடுத்து என்ன பாட்டு என்று ரசிகருக்கும் தெரியாது, பல சமயம் அவர்களுக்கே தெரியாது! அதனாலேயே ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். நம்ம ஊரில் ஒரு குழுவின் பெயரைக் கேட்டதும் சைக்கிள் மிதித்துப் பக்கத்து ஊர்க் கொடைக்குப் போகிற மாதிரி.

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு பேர்! 1970-களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் கச்சேரியின் நடுவே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, இந்த இருவர் மட்டும் வாசிக்கும் பகுதி ஒன்று வந்தது. நாம் "தனி" என்கிறோமே, அதேதான். அந்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட் தாளக் கணக்கை எங்கே கற்றுக்கொண்டார்? நம் நாட்டுத் தபேலா மேதை அல்லா ரக்காவிடம். பின்னாளில் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனையும் நம்ம தமிழ்நாட்டுக் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமையும் சேர்த்துக்கொண்டு மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். நம் தாளக் கணக்கை அமெரிக்காக்காரர் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போகிறார். கொல்லைப்புறத்தில் வாசிக்கிறதை நாம் நின்று கேட்க மாட்டேன் என்கிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் டேப் செய்ய அனுமதித்தது. 1984-லிருந்து டேப் செய்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்ளலாம். அதனால் எந்தத் தேதியில் எந்த ஊரில் எப்படி வாசித்தார்கள் என்பது இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருகிறேன்.

அப்படியானால் குறை எங்கே?

குறை மேளத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

முன்பெல்லாம் விடிய விடிய நடந்த மேளத்தை இப்போது பல கொடைகளில் சாமி அழைப்புக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். மிச்ச நேரம் முழுவதும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர். மேளம் சூடு பிடிக்கும் நேரத்தில் "போதும்யா, செட்டைப் போடு" என்று ஒரு குரல் வரும். தவில்காரர் தீர்மானத்துக்குப் போகும் வழியில் பாதியில் நிற்பார். பாதி வாக்கியத்தில் ஒருத்தர் வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, சினிமாப் பாட்டு நச்சரிப்பு. ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆவதற்குள் முன்னால் போய் நின்று அந்தப் பாட்டை வாசி, இந்தப் பாட்டை வாசி என்று அதட்டல். அவர்களும் நமக்காக வாசிக்கத்தான் செய்கிறார்கள். அழகாகவும் வாசிக்கிறார்கள். சினிமாப் பாட்டை வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது மட்டும்தான் வாசிக்கணும் என்றால் செட்டே போதுமே, ஏழெட்டுப் பேர் எதற்கு?

மூன்றாவது, செண்டை மேளம். புளியரை தாண்டினால் கேரளம். அதனால் நம் பக்கத்து விழாக்களிலும் கல்யாணங்களிலும் செண்டை சகஜமாகிவிட்டது. செண்டை மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் மரியாதை. ஆனால் செண்டையை அழைத்து வந்த நாம், செண்டை கேட்கும் பொறுமையை அழைத்து வரவில்லை! திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் என்று ஒன்று நடக்கும். சுமார் இருநூற்றைம்பது கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று வாசிக்கிறார்கள். பல்லாயிரம் பேர் தாளத்துக்குக் கையை உயர்த்தி உயர்த்தி நிற்கிறார்கள். யாரும் "பாட்டுப் போடு" என்று கத்துவதில்லை. அங்கே வாசிக்கும் மேளத்தின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: "பாண்டி மேளம்"! பாண்டி நாட்டில் இருக்கிற நமக்கு அரை மணி நேரம் நிற்க முடியவில்லை.

நான்காவதுதான் பெரிய குறை. மரியாதை. ராஜரத்தினம் பிள்ளை காலத்திலேயே நாயனக்காரர்களுக்குச் சமமான இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. நையாண்டி மேளக்காரர் நிலைமை அதைவிட மோசம். "ஏ, மேளம்!" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கேட்பவர் இல்லை. 1989-ல் 'கரகாட்டக்காரன்' வந்தது. கவுண்டமணி தவிலும் கையுமாக வரும் காட்சிகளைப் பார்த்து நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். நல்ல சிரிப்புத்தான். ஆனால் அந்தப் படத்திலிருந்து வாழைப்பழம் மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. தவில் ஞாபகம் இல்லை.

கொடை சீசன் வருஷத்தில் சில மாதங்கள்தான். அதில் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். 2020-லும் 2021-லும் கொரோனாவால் கொடைகள் நின்றபோது எத்தனையோ மேளக்காரர்கள் தவிலைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாது.

படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன் நான். நம் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டில் நம்மேல் வைத்திருக்கும் ஆசை பெரிது. அதனால் கொடையில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் சொந்தக்காரர்களே, "படிக்கிற பய மேளத்துக்குப் பின்னால சுத்துதாம் பாரு" என்கிறார்கள். படித்தவன் தள்ளி நின்று பார்க்கணும், நாற்காலியில் உட்காரணும், ஆடக் கூடாது. இது எந்த சிலபஸில் இருக்கிறது?

நான் கேட்பது இதுதான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பம்பைக்காரர் ஐம்பத்தாறு அட்சரக் கணக்கைப் பிசகாமல் போடுகிறார். டிப்ளமோ படிக்கும் நாம் அதை "வெறும் சத்தம்" என்கிறோம். இதில் படித்தவர் யார்? படிப்பு என்பது நம்மை ஊரிலிருந்து கழற்றி எடுக்கிற ஸ்குரூ டிரைவரா? அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளவும், அந்தக் கலைஞருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கவும் படிப்பு உதவவில்லை என்றால் அது நமக்கு எதற்கு?

நம்ம குற்றாலநாதர் கோவிலின் சித்திர சபையில் நடராஜரின் ஆட்டத்தைச் சித்திரமாக வைத்துக் கும்பிடுகிறோம். ஐந்து சபைகளில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது என்று வெளியூர் நண்பர்களிடம் பெருமை பேசுகிறோம். திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியும் பரீட்சைக்குப் படிக்க எழுதினதில்லை. ஆடவும் பாடவும் எழுதினது. ஆட்டத்தையும் தாளத்தையும் இவ்வளவு மதித்த ஊரில், தாளம் போடுகிறவருக்கு மட்டும் மதிப்பு இல்லாமல் போனது எப்படி?

என் கோரிக்கை

சும்மா குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நம்ம மாணவர் பேரவைக்கு ஐந்து கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் நையாண்டி மேளத்துக்கு ஒதுக்க வேண்டும். முக்கிய விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வருவதற்கு மட்டும் மேளம் வைத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நிறுத்தச் சொல்லும் பழக்கம் வேண்டாம். அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் இஷ்டப்படி வாசிக்கட்டும். துண்டுச் சீட்டு கொடுத்துப் பாட்டுக் கேட்கக் கூடாது.

இரண்டு: மேடை வேண்டாம். மைதானத்தில் நடுவில் அவர்கள், சுற்றி நாம். அந்த மேளம் அப்படி நின்று கேட்கத்தான் உண்டானது. மைக்கும் அதிகம் தேவையில்லை. மைக்கில் போட்டால் தவிலின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள வித்தியாசம் அடிபட்டுப் போகிறது. என் துறைக்காரனாகவே இதைச் சொல்கிறேன்!

மூன்று: ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் ஊரையும் மைக்கில் வாசிக்க வேண்டும். முக்கிய விருந்தினருக்குப் போடும் துண்டை அவர்களுக்கும் போட வேண்டும். சாப்பாடு நம்மோடு ஒரே பந்தியில். பேசிய பணத்தை அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு வா என்று அலையவிடக் கூடாது.

நான்கு: முந்நூறு பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் யார் கைதட்டுவது? அவர்கள் சம்மதத்தோடு இரண்டு பேர் மட்டும் நல்ல முறையில் பதிவு செய்யட்டும். தேதி, ஊர், கலைஞர்களின் பெயர், என்ன வாசித்தார்கள் என்ற விவரத்தோடு நம் நூலகத்தில் வைப்போம். அமெரிக்க ரசிகர்கள் கேசட்டில் செய்ததை நாம் கையிலிருக்கும் போனில் செய்ய முடியாதா? பதிவின் ஒரு பிரதியைக் கலைஞர்களுக்கும் கொடுக்க வேண்டும். அது கட்டாயம்.

ஐந்து: நம் மாணவர்களில் மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். விண்ணப்பத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதியிருக்கலாம். அவர்கள் "இசைக் கலைஞர்" என்று தைரியமாக எழுதுகிற சூழ்நிலையை நாம் உண்டாக்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. மனசு இருந்தால் போதும்.

"டி.ஜே. வைத்தால்தான் பையன்கள் ஆடுவான்கள், மேளத்துக்கு யார் ஆடுவா?" என்று பேரவைக் கூட்டத்தில் யாராவது கேட்கலாம். அவரிடம் நான் விவாதம் செய்யப் போவதில்லை. மேளம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷத்தில் அவர் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அவ்வளவுதான்!

மூன்று வருஷம் முடிந்ததும் நாம் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குச் சிதறிப் போகப் போகிறோம். அங்கே ஷிப்ட் முடிந்து ரூமில் படுத்திருக்கும்போது எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போனில் கேட்கலாம். சாரல் காற்றில், பக்கத்தில் சிநேகிதன் தோளில் கை போட்டுக்கொண்டு, கண்ணுக்கு நேரே இரண்டு தவில் மோதிக்கொள்வதைக் கேட்பது அங்கே கிடைக்காது. கிடைக்கிற இடத்தில், கிடைக்கிற வயதில் இருக்கிறோம்.

பேரவைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே... ஒரே ஒரு மணி நேரம்! கொடுப்பீர்களா?